இரண்டாம் நாற்காலி

அரியணையில் அமர்ந்தவனைப் பற்றியே வரலாறு அதிகம் பேசியிருக்கிறது. அவன் பிறந்த நாள், முடி புனைந்த நாள், படை நடத்திய நாள், மாண்ட நாள் அத்தனையும் ஏடுகளில் ஏறிவிட்டன. அவனுக்கு அருகில் நின்றவன் எவன்? அவன் வாய்மொழியைக் கேட்டு ஓலை எழுதியவன் எவன்? அந்த ஓலையைக் கொண்டுபோய் ஊரைக் கொளுத்தியவன் எவன்? "ஆகாது, மன்னா!" என்று சொல்லி நின்றவன் எவனேனும் உண்டா? இவற்றுக்கு விடை தேடுவோர்க்கு ஏடுகள் கை விரிக்கின்றன.

முடியாட்சி மறைந்து குடியாட்சி மலர்ந்தது. ஆயினும் அந்த இரண்டாம் நாற்காலி மறையவில்லை. ஆயிரக்கணக்கானோர் பணியாற்றும் அரசுத் துறை ஒவ்வொன்றிலும் தலைவர் ஒருவர். அவருக்கு அடுத்த படியில் துணைத் தலைவர் ஒருவர். தலைவரின் முகம் வெளியே திரும்பியிருக்கும். அமைச்சரைப் பார்ப்பார், மன்றத்திற்கு விடை சொல்வார், செய்தியாளரைச் சந்திப்பார். துணைவரின் முகம் உள்ளே திரும்பியிருக்கும். கோப்புகள் அவரிடம் வரும், ஆட்கள் அவரிடம் வருவர், தலைவர் இல்லாத நாளில் கையெழுத்தும் அவருடையதே. ஆட்சி மாறினால் தலைவர் மாறுவார். துறையின் மூலை முடுக்குகளை அறிந்த துணைவரோ பல நேரங்களில் அங்கேயே இருப்பார். எனவே, தலைவர் அறியாததையும் அறிந்தவர் அவர்!

ஆணை பிறக்கும் இடம் முதல் நாற்காலி. ஆணை செயலாக மாறும் இடம் இரண்டாம் நாற்காலி. இது உண்மையானால், ஒரு நாட்டில் சட்டம் ஆள்கிறதா, தனி மனிதன் ஆள்கிறானா என்பதைச் சோதித்துப் பார்க்க வேண்டிய இடமும் அந்த நாற்காலிதானே?

அந்தச் சோதனை, அமெரிக்க நாட்டில், 1972-ஆம் ஆண்டுக்கும் 1974-ஆம் ஆண்டுக்கும் இடையில் நடந்தது. வாட்டர்கேட் ஊழல் என்று உலகம் அதனை அறியும். அதிபர் நிக்சன் வீழ்ந்த கதை பலருக்குத் தெரியும். அந்தக் கதையில் துணைவர்கள் வகித்த பங்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதைப் பேசுவோம்.

நிழலாக வாழ்ந்தவர்

எஃப்.பி.ஐ. எனப்படும் அமெரிக்க நடுவண் புலனாய்வுத் துறையின் தலைமைக்கு எட்கர் ஹூவர் 1924-ஆம் ஆண்டு மே மாதம் வந்தார். 1972-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் சாகும் வரை அங்கிருந்து அவர் இறங்கவில்லை. 48 ஆண்டுகள்! கூலிட்ஜ் முதல் நிக்சன் வரை 8 அதிபர்கள். ஹூவர் மட்டும் ஒருவரே. எழுபது வயதில் ஓய்வு பெற்றாக வேண்டும் என்ற விதி குறுக்கே வந்தபோது, 1964-இல் அதிபர் ஜான்சன் அந்த விதியையே அவருக்காகத் தள்ளிவைத்தார். பரம்பரை அரசன் கூட இவ்வளவு நீண்ட காலம் ஆள்வது அரிது.

அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் கிளைடு டால்சன். 1928-இல் பணியில் சேர்ந்தவர். 1947 முதல் இணை இயக்குநர், அதாவது துறையின் இரண்டாமவர். இருவரும் ஒரே காரில் அலுவலகம் வருவர். நண்பகல் உணவை ஒன்றாக உண்பர். ஹூவர் இறந்ததும் டால்சன் பணியிலிருந்து விலகினார். ஹூவரின் சொத்தில் பெரும்பகுதி அவருக்கே சென்றது. 1975-இல் அவரும் மறைந்தார். ஹூவர் புதைக்கப்பட்ட அதே இடுகாட்டில், சற்றுத் தள்ளி, அவருக்கும் கல்லறை அமைந்தது.

நட்புக்கு இலக்கணம் என்று சிலர் இதனைப் பாராட்டக்கூடும். தனி வாழ்வில் நட்பு நல்லதுதான். நாம் கேட்பது பொது வாழ்வு பற்றிய கேள்வி. அந்த நீண்ட ஆண்டுகளில் அத்துறை என்ன செய்தது? 1956 முதல் 1971 வரை இரகசியத் திட்டம் ஒன்றை வகுத்து, தனக்குப் பிடிக்காத அரசியல் இயக்கங்களுக்குள் ஊடுருவியது. பொய்க் கடிதங்களை அனுப்பியது. தோழனுக்கும் தோழனுக்கும் பகை மூட்டியது. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கின் அறைகளில் ஒட்டுக்கேட்டது. 1964-இல், தற்கொலைதான் வழி என்று தூண்டும் வகையில், பெயரில்லாக் கடிதம் ஒன்றையும் அவருக்கு அனுப்பியது. அறவழியில் போராடிய ஒருவரைச் சாவுக்குத் தள்ள, சட்டத்தைக் காக்க வந்த துறையே முனைந்தது!

பக்கத்தில் இருந்த இரண்டாமவர், "இது நம் வேலையன்று" என்று தடுத்து நின்றதாக வரலாறு நமக்குக் காட்டவில்லை. தலைவரின் விருப்பமே விதி. தலைவரின் வெறுப்பே குற்றப் பத்திரிகை. துணைவன் நிழலாகிவிட்டால் தலைவன் கடவுளாகிவிடுகிறான். தனி மனித வழிபாடு கோயிலில் மட்டும் நடப்பதென்று எண்ணாதீர். குளிரூட்டப்பட்ட அலுவலகத்திலும் அது நடக்கும்!

தயங்கித் திருந்தியவர்

ஹூவர் மறைந்து ஆறு வாரங்கள் கடந்தன. 1972 ஜூன் 17. தலைநகர் வாஷிங்டனில் வாட்டர்கேட் என்னும் மாளிகையில் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் புகுந்த ஐவர் கையும் களவுமாகப் பிடிபட்டனர். பணம் எங்கிருந்து வந்தது என்று புலனாய்வுத் துறை தேடியது. தேடல் மெக்சிகோ நாட்டின் வங்கி வரை சென்றது. அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்தால் அதிபரின் தேர்தல் நிதி வெளியே வரும் நிலை!

ஜூன் 23-ஆம் நாள், நிக்சனும் அவருடைய தலைமை அலுவலர் ஹால்டிமனும் அறைக்குள் அமர்ந்து ஒரு வழி கண்டனர். வெளிநாட்டு உளவுக்கென உள்ள சி.ஐ.ஏ. நிறுவனத்தைக் கொண்டு, "நாட்டுப் பாதுகாப்பு" என்று சொல்லி, எஃப்.பி.ஐ.யின் விசாரணையை நிறுத்துவது! அந்தச் செய்தியைக் கொண்டு செல்லத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் யார்? சி.ஐ.ஏ.யின் தலைவர் ஹெல்ம்ஸ் அல்லர். துணைத் தலைவர் வெர்னன் வால்டர்ஸ். படைத்தளபதி, பல மொழிகள் அறிந்தவர், அந்தப் பதவிக்கு நிக்சனாலேயே அமர்த்தப்பட்டவர், வந்து இரண்டு மாதம் கூட ஆகவில்லை. நன்றிக்கடன் உள்ளவன் நாவை அடக்குவான் என்று கணக்குப் போட்டிருப்பார்கள்.

வால்டர்ஸ் சென்றார், சொன்னதைச் சொன்னார். எஃப்.பி.ஐ.யின் பொறுப்புத் தலைவராக இருந்த பாட்ரிக் கிரே கேட்டுக்கொண்டார். விசாரணையின் ஒரு பகுதி தேங்கியது. ஆனால், திரும்பி வந்த வால்டர்ஸ் தம் நிறுவனத்தில் விசாரித்துப் பார்த்தார். மெக்சிகோவில் கெடக்கூடிய இரகசியம் எதுவுமே இல்லை! அதிபரின் சட்ட ஆலோசகர் ஜான் டீன் அவரை மீண்டும் மீண்டும் அழைத்தார். பிடிபட்டவர்களுக்குப் பிணைத்தொகையும் சம்பளமும் சி.ஐ.ஏ. பணத்திலிருந்து கொடுக்க முடியுமா என்று கேட்டார். வால்டர்ஸ் மறுத்தார். அத்துடன் நில்லாமல், ஒவ்வொரு சந்திப்பிலும் யார் என்ன கேட்டார், தாம் என்ன சொன்னார் என்று குறிப்பெழுதி வைத்தார். ஜூலை 6-ஆம் நாள், விசாரணையைத் தடுக்கத் தம் நிறுவனத்துக்குக் காரணம் ஏதுமில்லை என்று கிரேயிடம் தெளிவாக்கினார். தேங்கிய விசாரணை மீண்டும் நடந்தது. அவர் எழுதிய குறிப்புகள் 1973-இல் செனட் அவையின் கைக்குச் சென்றன.

முதல் நாள் தூது போனவர் அவர். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், கேட்டதைச் சரிபார்த்தார்; சரியில்லை என்று கண்டதும் நின்றார்; நின்றதை எழுதி வைத்தார். பகுத்தறிவு என்பது வேறென்ன? மேலிருந்து வந்தது என்பதற்காக நம்பாமல், உண்டா இல்லையா என்று ஆராய்ந்து பார்ப்பதுதானே?

மறுபுறம் கிரேயைப் பாருங்கள். அவர் முதல் நாற்காலியில் இருந்தவர். வெள்ளை மாளிகையில் கொடுக்கப்பட்ட காகிதங்களை வாங்கிக்கொண்டு போய், சில மாதங்கள் வைத்திருந்து, 1972 டிசம்பரில் தம் வீட்டுக் குப்பையோடு எரித்தார்! அது வெளிப்பட்டதும் 1973 ஏப்ரல் 27-ஆம் நாள் பதவி விலகினார். உயர்ந்த இடம் உயர்ந்த உள்ளத்தைத் தருவதில்லை.

இருளில் பேசியவர்

டால்சன் எழுந்த நாற்காலியில் அமர்ந்தவர் மார்க் ஃபெல்ட். 1942-இல் சேர்ந்து 30 ஆண்டுகள் உழைத்தவர். ஹூவருக்குப் பின் தலைமை தமக்கே என்று எதிர்பார்த்தவர். நிக்சனோ வெளியாளான கிரேயைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். நாள்தோறும் துறையை நடத்தியவர் ஃபெல்ட். வாட்டர்கேட் விசாரணைக் கோப்புகள் அவர் மேசையைக் கடந்தே சென்றன. அவை அதிபர் மாளிகைக்கும் போய்ச் சேருவதை அவர் கண்டார்.

அவர் ஒரு வழியைத் தேர்ந்தார். 'வாஷிங்டன் போஸ்ட்' இதழின் இளம் செய்தியாளர் பாப் உட்வர்டை நள்ளிரவில், நகருக்கு வெளியே ஒரு நிலவறைக் கார் நிறுத்தத்தில் சந்தித்தார். 'நீங்கள் பிடித்திருக்கும் வழி சரி', 'இது இன்னும் மேலே போகிறது' என்ற வகையில் குறிப்புக் காட்டினார். 1972 அக்டோபரில், திருட்டுக்குப் பின்னால் பெரும் அரசியல் உளவு வலை இருந்தது என்று அந்த இதழ் எழுதியது. அதே மாதம் 19-ஆம் நாள், கசிய விடுபவர் ஃபெல்ட்தான் என்று ஹால்டிமன் நிக்சனிடம் சொன்னார். உடனே பதவி பறித்தார்களா? இல்லை! தொட்டால் தெரிந்த அனைத்தையும் கொட்டிவிடுவார் என்று அஞ்சினர். முதல் நாற்காலி இரண்டாம் நாற்காலியைக் கண்டு நடுங்கிய காட்சி அது.

ஃபெல்ட் 1973 ஜூனில் விலகினார். 30 ஆண்டுகளுக்கு மேல் "நான் அவனல்லன்" என்றே மறுத்து வந்தார். 2005 மே மாதம், 91 வயதில், "அவன் நான்தான்" என்று ஒப்புக்கொண்டார்.

அவரை வீரன் என்போர் உண்டு. துரோகி என்போரும் உண்டு. நாம் இரண்டு அவசரத்துக்கும் ஆட்பட வேண்டாம். அவர் சொன்ன செய்தி உண்மை. நாட்டுக்கு அது தேவை. அதே ஃபெல்ட், தலைமறைவான தீவிரவாதிகளின் உறவினர், நண்பர் வீடுகளில் நீதிமன்ற ஆணையின்றிப் புகுந்து சோதிக்க ஒப்புதல் அளித்தவர். அதற்காக 1980 நவம்பரில் குற்றவாளி எனத் தீர்ப்பு பெற்று, 5,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டவர். அந்த வழக்கில் அவருக்குச் சாதகமாகச் சாட்சி சொன்னவர் யார் தெரியுமா? நிக்சன்! 1981-இல் அதிபர் ரீகன் மன்னிப்பு வழங்கினார். வீடு புகுந்த குற்றத்தை வெளிப்படுத்த உதவியவரே வீடு புகும் ஆணைக்கும் துணை நின்றார். அவருடைய உள்ளத்தில் நாட்டுப்பற்று எவ்வளவு, தலைமை கிட்டாத ஏமாற்றம் எவ்வளவு என்று அளக்க நம்மிடம் துலாக்கோல் இல்லை. செயலை எடை போடலாம். செய்தவரைச் சிலையாக்க வேண்டாம்.

ஆனால் ஒன்று கேட்கலாம். நாட்டின் மிகப் பெரிய புலனாய்வுத் துறையின் இரண்டாமவர், உண்மையைச் சொல்ல நள்ளிரவையும் நிலவறையையும் நாட வேண்டியிருந்தது ஏன்? நேராகச் சொல்ல வாயில் இல்லாத மாளிகையாக அத்துறை கட்டப்பட்டிருந்தது. 48 ஆண்டுகள் ஒரே மனிதனைக் கும்பிட்ட இடத்தில் நேர்மைக்குக் கூடத் திருட்டுப் பாதைதான் கிடைத்தது!

வெளிச்சத்தில் மறுத்தவர்

கிரே போன பின் எஃப்.பி.ஐ.யின் பொறுப்பை ஏற்றவர் வில்லியம் ரக்கல்ஸ்ஹாஸ். 1970-இல் தொடங்கப்பட்ட சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தின் முதல் தலைவர், 1972-இல் டி.டி.டி. பூச்சிமருந்தைப் பயிர்களில் தெளிக்கத் தடை விதித்தவர். சில மாதங்களில் அவர் நீதித்துறையின் துணைத் தலைவரானார். அட்டர்னி ஜெனரல் எலியட் ரிச்சர்ட்சன் முதல்வர், ரக்கல்ஸ்ஹாஸ் இரண்டாமவர்.

வாட்டர்கேட்டை விசாரிக்கத் தனி வழக்குரைஞராக ஆர்ச்சிபால்ட் காக்ஸை ரிச்சர்ட்சன் 1973 மே மாதம் அமர்த்தியிருந்தார். பெருங்குற்றம் செய்தாலன்றி அவரை நீக்க மாட்டேன் என்று செனட் அவைக்கு வாக்கும் கொடுத்திருந்தார். ஜூலை 16-ஆம் நாள், அதிபர் அறையில் பேசுவதெல்லாம் ஒலிநாடாவில் பதிவாகிறது என்ற உண்மை வெளிப்பட்டது. சொன்னவர் அலெக்சாண்டர் பட்டர்ஃபீல்டு. ஹால்டிமனுக்குத் துணைவராக இருந்தவர்! காக்ஸ் நாடாக்களைக் கேட்டார். கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றமும் சொன்னது. நிக்சன் மறுத்தார், எழுத்துச் சுருக்கம் தருகிறேன் என்றார். காக்ஸ் ஏற்கவில்லை.

1973 அக்டோபர் 20, சனிக்கிழமை. காக்ஸை நீக்கு என்று அதிபர் ரிச்சர்ட்சனுக்கு ஆணையிட்டார். கொடுத்த வாக்கை மீற மறுத்து ரிச்சர்ட்சன் பதவி விலகினார். ஆணை ஒரு படி இறங்கி ரக்கல்ஸ்ஹாஸிடம் வந்தது. தொலைபேசியில் பேசியவர் அதிபரின் தலைமை அலுவலரான தளபதி அலெக்சாண்டர் ஹெய்க். படைத் தலைவரின் ஆணை இது என்று நினைவூட்டினார். நீதித்துறை என்ன பாசறையா? ரக்கல்ஸ்ஹாஸ் போர்வீரனா? காக்ஸ் எந்தத் தவறும் செய்யவில்லை. எனவே நீக்க மாட்டேன் என்றார் அவர். அவர் விலகினார், மாளிகையோ அவரை நீக்கிவிட்டதாக அறிவித்தது.

ஆணை மூன்றாம் படிக்கு இறங்கியது. அங்கிருந்த ராபர்ட் போர்க் கையெழுத்திட்டார். அன்றிரவே எஃப்.பி.ஐ. ஆட்கள் தனி வழக்குரைஞர் அலுவலகத்தைச் சூழ்ந்து கொண்டனர்.

பார்த்தீர்களா தோழர்களே! ரக்கல்ஸ்ஹாஸின் மறுப்பு ஆணையைத் தடுக்கவில்லை. அடுத்த ஆள் கிடைத்தார்; காக்ஸ் போனார். "மறுத்து என்ன பயன்? நான் செய்யாவிட்டால் இன்னொருவன் செய்வான்" என்று சொல்லித் தம் கோழைத்தனத்துக்குப் போர்வை போர்த்துவோர் இங்கே சிந்திக்க வேண்டும். என்ன பயன்? ஒருவர் விலகியிருந்தால் மனத்தாங்கல் என்று மறைத்திருக்கலாம். முதல்வரும் விலகி, இரண்டாமவரும் மறுத்தபோது, ஆணையின் அழுக்கு ஊரறிய வெளிப்பட்டது. வெள்ளை மாளிகையில் தந்திகள் குவிந்தன. மூன்றே நாளில் நாடாக்களைத் தருவதாக நிக்சன் இறங்கி வந்தார். நவம்பரில் புதிய வழக்குரைஞராக லியோன் ஜாவோர்ஸ்கி அமர்த்தப்பட்டார். அதே மாதத்தில், காக்ஸை நீக்கியது சட்டத்துக்கு மாறானது என்று நடுவண் நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார். 1974 ஜூலை 24-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் 8 நீதிபதிகளும் ஒருமனதாக நாடாக்களைக் கொடுக்கச் சொன்னார்கள். ஆகஸ்ட் 5-இல் வெளிவந்த ஒலிநாடா எது? 1972 ஜூன் 23-ஆம் நாளின் உரையாடல்! வால்டர்ஸைத் தூது அனுப்பத் திட்டமிட்ட அதே பேச்சு! ஆகஸ்ட் 9-ஆம் நாள் நிக்சன் பதவியை விட்டு வெளியேறினார். 1972 தேர்தலில் 50 மாநிலங்களில் 49-ஐ வென்றவர் அவர்!

நாற்காலி அல்ல, நிமிர்வு

இரண்டாம் நாற்காலிக்கே ஏதோ புனிதம் உண்டென்று இதனால் யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். நாட்டின் இரண்டாம் குடிமகனான துணை அதிபர் ஆக்னியூ, அந்தச் சனிக்கிழமைக்குப் பத்து நாள் முன்னர், 1973 அக்டோபர் 10-இல், வரி ஏய்ப்பு வழக்கில் சிக்கிப் பதவி துறந்தவர். நாற்காலி எவரையும் நல்லவராக்குவதில்லை. அதில் அமர்ந்தவர் யாருக்குக் கடமைப்பட்டவர் என்று தம்மை எண்ணுகிறார் என்பதே கேள்வி. டால்சன் தலைவருக்கு என்று எண்ணினார். ரக்கல்ஸ்ஹாஸ் சட்டத்துக்கு என்று எண்ணினார்.

நாடும் பாடம் கற்றது. இனி ஒரு ஹூவர் தோன்றக் கூடாதென்று, எஃப்.பி.ஐ. தலைவரின் பதவிக்காலத்தைப் பத்து ஆண்டு என 1976-இல் சட்டம் வரையறுத்தது. தனி வழக்குரைஞரை அமர்த்தும் அதிகாரத்தை நீதிபதிகளிடம் அளித்து 1978-இல் மற்றொரு சட்டம் வந்தது. அது 1999-இல் காலாவதியாகிவிட்டது. சட்டம் வரும், போகும். வேலி கட்டுவதும் மனிதர். வேலியைப் பிரிப்பதும் மனிதர். எனவே வேலி மட்டும் போதாது, காவலும் வேண்டும்.

போர்க்கை 1987-இல் உச்ச நீதிமன்ற நீதிபதியாக்க ரீகன் முயன்றபோது, செனட் 58-க்கு 42 என்ற வாக்கில் அவரை ஏற்க மறுத்தது. அந்தச் சனிக்கிழமையும் அவரைத் தொடர்ந்து வந்தது. ரக்கல்ஸ்ஹாஸ் 1983-இல் பழைய சுற்றுச்சூழல் நிறுவனத்துக்கே மீண்டும் தலைமையேற்க அழைக்கப்பட்டார். 2015-இல் நாட்டின் உயர்ந்த குடிமக்கள் விருதைப் பெற்றார். 2019-இல் 87 வயதில் மறைந்தார். விருது வரும் என்று எண்ணியா அன்று அவர் மறுத்தார்? அன்றிரவு அவர் கையில் இருந்தது வேலை இழந்த செய்தி மட்டுமே.

இளைஞர்களே! உங்களில் முதல் நாற்காலிக்குப் போவோர் சிலர். இரண்டாம் நாற்காலியிலும் மூன்றாம் நாற்காலியிலும் அமரப் போவோர் பலர். அலுவலகத்தில், சங்கத்தில், பள்ளியில், ஊராட்சியில் ஆணைகள் உங்களிடம் வரும். வந்தவுடன் வணங்காதீர். இது சட்டத்துக்கு உட்பட்டதா? சொல்லப்படும் காரணம் மெய்யா? இதில் இட்ட என் கையெழுத்தை நாளை மக்கள் மன்றத்தில் காட்ட முடியுமா? இந்த மூன்றையும் கேளுங்கள். விடை 'இல்லை' என்றால், பகலில், பெயர் சொல்லி, காரணம் காட்டி மறுத்துவிடுங்கள். மறுத்ததை எழுதியும் வையுங்கள். அடுத்தவன் செய்துவிட்டுப் போகட்டும். அவனுடைய பெயரில் அது பதியட்டும். நம்முடைய பெயரில் பதிய வேண்டியது நம் மறுப்பு!